தத்ரூபம் வேறு, மெய்ப்பாடு வேறு: செட்டிநாட்டு வீட்டுப் படங்களை ஒப்பிடும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் ரவிவர்மா அச்சுப்படமும் தஞ்சாவூர்ப் படமும் அருகருகே தொங்குவதுண்டு. ஒப்பிட்டுப் பழக இதைவிடத் தோதான ஜோடி கிடையாது. ஒரு தாளில் இரண்டு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஒன்று மெய்ப்பாட்டுக்கு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிக்கு; மற்றது தத்ரூபத்துக்கு, அதாவது நேரில் பார்ப்பதுபோல் இருப்பதற்கு.

உச்சி வெயிலில் போக வேண்டாம். வளவிலிருந்து (நடு முற்றத்திலிருந்து) வரும் வெளிச்சம் படத்தின் கண்ணாடியில் அடித்து முகத்தை மறைத்துவிடும். படங்கள் உயரத்தில் இருப்பதால் நேர் கீழேயும் நிற்கக் கூடாது; பத்தடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

முதலில் மெய்ப்பாட்டுப் பத்தி. தத்ரூபத்தை முதலில் எடுத்தால் பட்டுப்புடவையின் பளபளப்பிலேயே மனம் மயங்கிவிடும். ‘அழகு’ என்று எழுதாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. தொல்காப்பியம் சொல்லும் எட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. பிறகு ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிக் கட்டைவிரலால் படத்தின் முகத்தை மறையுங்கள். தோளும் கையும் அதே உணர்ச்சியைச் சொன்னால் அது ஓவியரின் வேலை. ஒன்றுமே மிஞ்சவில்லையா? கதையை முன்பே அறிந்த உங்கள் மனம் சேர்த்ததாக இருக்கலாம். சாமி படத்தில் இந்தத் தடுமாற்றம் அதிகம். பக்தி பார்ப்பவரிடமே இருக்கிறது.

அடுத்தது தத்ரூபம். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருகிறதா, நிழல் தரையில் விழுகிறதா, விரலுக்குள் எலும்பு தெரிகிறதா, துணி உடம்புக்கேற்ப மடிகிறதா, தூரத்துப் பொருள் சிறுத்து வெளிறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். ரவிவர்மா படம் எளிதாக மேலே போகும். தஞ்சாவூர்ப் படம் 2 தாண்டினாலே பெரிது. அங்கே குழந்தைக் கண்ணன் தாயைவிடப் பெரிதாக இருப்பது கைப்பிழை அல்ல. யார் முக்கியமோ அவரே பெரியவர். மக்கு (சுண்ணப்பொடிப் பசை) வைத்து மேடு கட்டி ஒட்டிய தங்க ரேக்கும் விளக்கொளிக்கென்றே செய்தது. ட்யூப்லைட்டில் அது செத்துக் கிடக்கும். அதைப் பார்த்து மருட்கை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அச்சுப்படத்தில் இன்னொரு பொறி உண்டு. 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தில், நிறத்துக்கொரு அச்சுக் கல்லாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். ஒரு கல் மயிரிழை விலகினாலும் கண்ணோரம் இரட்டிப்பாகி முகம் மந்தமாகும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் புள்ளிகளும் விலகலும் தெரியும். அந்தக் குறையை ஓவியர் தலையில் கட்டக் கூடாது. அசல் தைல ஓவியத்தைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது.

சில அச்சுப்படங்களில் புடவைமேல் நிஜத் துணியும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நிஜத் துணி ஏறியதும் வரைந்த மடிப்பு மறைந்து தத்ரூபம் குறைகிறது. படத்தின் பெருமிதமோ கூடிவிடுகிறது.

கை பழகியபின் அதே தாளோடு புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலுக்குப் போங்கள். 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம், கூரையில். நிழல் என்பதே இல்லை. மீனும் எருமையும் யானையும் இருக்கின்றன. கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் கொடுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். சாயம் உதிர்ந்த இடங்களுக்குப் பூஜ்யம் போடாமல் வெறுமனே விட்டுவிடுங்கள்.