1965 மாணவர் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது எப்படி?

1965 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தமிழகக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று எண்பது வயதை ஒட்டி இருக்கிறார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தலைவர்கள் பேசியதும் எழுதியதும் அச்சில் கிடைக்கின்றன. விடுதி அறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் அந்த அரசியல் எப்படிப் புழங்கியது என்பதை அன்றைய மாணவர்கள்தாம் சொல்ல முடியும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் தள்ளிப்போடாமல் போய்க் கேளுங்கள்.

போகும் முன் நிகழ்ச்சிகளின் வரிசையைக் குறித்துக்கொள்வது அவசியம். ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலம் மோதலில் முடிந்தது. மறுநாள் இந்தி மத்திய அரசின் ஆட்சிமொழியாக நடைமுறைக்கு வந்தது. 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தார்கள்; ஆங்கிலமும் ஆட்சிமொழியாகத் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி அளித்தார். "எந்தத் தேதி?" என்று கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். "இராசேந்திரன் இறந்ததற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் தெளிவாக வரும்.

"போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் பெரும்பாலும் மேடைப்பேச்சுதான் கிடைக்கும். அறையில் யார் யார் இருந்தார்கள், எந்தச் செய்தித்தாள் கை மாறியது, கறுப்புக் கொடிக்குத் துணி எங்கிருந்து வந்தது, கல்லூரியை மூடியபோது எந்த ரயிலில், யாரிடம் கடன் வாங்கி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். மத்திய அரசு வேலைக்கான தேர்வு இந்தியில் வந்துவிடும் என்ற அச்சம், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையை எப்படி ஆட்டியது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டில் அப்பா என்ன சொன்னார்?" காங்கிரஸ்காரரான தகப்பனும் கறுப்புச் சின்னம் குத்திய மகனும் ஒரே திண்ணையில் முகம் பார்க்காமல் இருந்த வீடுகள் உண்டு. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தோற்கடித்ததன் பின்னே இருந்த மனமாற்றத்தை, அந்த வீட்டுச் சண்டைகளை வைத்தே என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஊர்வலத்துக்குப் போகாதவர்களையும், பெண்கள் விடுதியில் இருந்தவர்களையும் அவசியம் தேடுங்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

எழுதும்போது அவர் கண்ணால் கண்டதற்கும் பிறர் சொல்லக் கேட்டதற்கும் ஓரத்தில் வெவ்வேறு குறி இடுங்கள். ஐயம் வந்தால் கன்னிமாரா நூலகத்தில் அந்நாளைய செய்தித்தாள்களைக் கேட்டுப் பாருங்கள். செய்தித்தாள் வேறு மாதிரி சொன்னாலும் அவர் சொன்னதைத் திருத்தாமல், வேறுபாட்டை அடிக்குறிப்பில் தாருங்கள். முடித்ததும் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டி, உடன் படித்தவர்களின் பெயர்களில் எவற்றை வெளியிடலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.