குலசை தசராவுக்கு முதல் வேடம்

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு முதல் முறை வேடம் போடுகிறீர்களா? காளியை விட்டுவிடுங்கள். விரதம் கடுமை, சடைமுடியும் கிரீடமும் கழுத்தை ஒடித்துவிடும். குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர் போதும். என்னைக் கேட்டால் பிச்சைக்காரர்தான் உசத்தி: கடைக்கார அண்ணாச்சியும் அவர் கடையில் வேலை பார்க்கிற பையனும் ஒரே வாசலில் கையேந்தி நிற்பார்கள்.

கொடியேறியதும் காப்பு கட்டிக்கொண்டு ஊர் தசராக் குழுவோடு காணிக்கை எடுக்கக் கிளம்பலாம். முகத்தில் தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்துவிட்டு அப்புறம் சாயம் பூசுங்கள். ராத்திரி துணியால் துடைத்தாலே வந்துவிடும். ஜிகினா மட்டும் வேண்டாம், கடற்கரை மணலில் சிந்தினால் பொறுக்கவே முடியாது. காணிக்கை வாங்கத் துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்காரம். சேர்ந்த காசை முத்தாரம்மன் கோவிலில் செலுத்திவிடுங்கள். வேட உடையைக் கடலில் விடாமல் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த வருஷம் தம்பிக்கு ஆகும்.