மணல் பாத்தியில் போடும் யூரியா எங்கே போகிறது?

பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா, கம்பார் பக்கம் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் சாவி (கடுகுக் கீரை வகை), கங்கோங் (வள்ளைக் கீரை), கீரை போடுபவர்கள் பலரிடமும் இந்தப் புலம்பல் உண்டு: "போன வாரம்தான் உரம் போட்டேன், அதற்குள் இலை மஞ்சள்." உடனே உரத்தில் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். உரம் பெரும்பாலும் நல்ல உரம்தான், நீங்கள் விட்ட தண்ணீர்தான் அதை வேருக்குக் கீழே தள்ளிவிட்டது.

தோட்டத்தில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) உரம் போட்டுப் பழகிய கைக்கு, வருஷத்துக்குச் சில தடவை மரத்தைச் சுற்றிக் குவளை குவளையாகக் கொட்டினால் போதும் என்ற நினைப்பு இருக்கும். செம்பனைக்கு வேர் பரந்து கிடக்கிறது, பல தோட்டங்களில் மண்ணும் களி கலந்தது. ஒரு சாண் வேர் விடும் சாவிக்கு, அதுவும் ஈயம் அலசி எடுத்த மணலில், அந்தப் பழக்கம் ஆகாது.

காரணம் இதுதான். யூரியா கரைந்ததும் அதற்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் மண் அதைப் பிடிக்காது, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் அது அம்மோனியமாக மாறும். அம்மோனியத்தைக் களியும் மக்கும் (மக்கிய இலைதழை, எரு) பிடித்து வைக்கும், ஆனால் மணலில் அவை இரண்டும் குறைவு. அப்புறம் ஓரிரு வாரத்தில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கிவிடும். செடிக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் பெரும்பாலான மண்ணில் ஒட்டாமல் ஓடுவதும் அதுதான்.

எவ்வளவு தூரம் ஓடும்? கரடு மணல் நனைந்து வடிந்த பிறகு கனஅளவில் பத்தில் ஒரு பங்குதான் நீர் பிடிக்கும். அதனால் ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பாத்தியில் 10 மி.மீ. நீர் கூடுதலாக விழுந்தால் நைட்ரேட் சுமார் 10 செ.மீ. கீழே இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை பிடித்தால் 50 மி.மீ. சர்வசாதாரணம், அதாவது அரை மீட்டர். சாவி வேர் 30 செ.மீ. தாண்டுவதே பெரிய விஷயம்.

ஆகவே உர மூட்டையைப் பிரிக்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள். நேரான பக்கம் உள்ள பால் டின் ஏழெட்டைப் பாத்தியில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்ளரை 15 நிமிடம் ஓட விட்டு, ஒவ்வொரு டின்னிலும் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று ஸ்கேலால் பாருங்கள். ஒரு டின்னில் 3, பக்கத்து டின்னில் 12 என்று இருந்தால் முதலில் குழாயையும் முனையையும் சரிசெய்யுங்கள், உரக் கணக்கெல்லாம் அப்புறம். வெயில் நாளில் வளர்ந்த பயிர் 4, 5 மி.மீ. குடிக்கும். அதைக் காலையில் பாதி, மத்தியானம் பாதி என்று விடுங்கள். ஒரே மூச்சில் 20 மி.மீ. விட்டால் வேர்ப் பகுதியில் அது நிற்காது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டிப் பாருங்கள், அடி மணல் சொதசொதவென்று இருந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

இப்போது உரம். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளப் பாத்தி என்று வையுங்கள். ஹெக்டருக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்ற கணக்கில் இந்தப் பாத்திக்கு 100 கிராம், யூரியாவில் 46 சதவீதம் என்பதால் சுமார் 220 கிராம் யூரியா. முப்பது நாள் பயிருக்கு இதை 7, 12, 17, 22ஆம் நாட்களில் 30, 50, 70, 70 கிராம் என்று பிரியுங்கள். முதல் பத்து நாள் செடி எடுப்பது கொஞ்சம்தான், பசி எல்லாம் கடைசி இரண்டு வாரத்தில். கோழி எரு போட்டிருந்தால் இன்னும் குறையுங்கள், அதிலும் தழைச்சத்து உண்டு, அதுவும் வடியும்.

20 லிட்டர் நீரில் கரைத்துப் பாத்தி முழுக்க ஊற்றினால் அது 2 மி.மீ. மட்டுமே. அதன் மேல் இலையைக் கழுவ 3 மி.மீ. வெறும் தண்ணீர், அவ்வளவுதான். மேலே தூவி அப்படியே விட்டால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும், சுண்ணாம்பு போட்ட பாத்தியில் இன்னும் வேகமாக. சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் உரத்தை ஆரம்பத்தில் விடாதீர்கள், பிறகு ஓடும் தண்ணீர் அதை அடியில் தள்ளிவிடும். பாதிக்கு மேல் ஓடிய பின் விட்டு, கடைசியில் குழாய் அலசச் சில நிமிடம் போதும்.

மேகம் கறுத்திருந்தால் அன்று போடாதீர்கள். பெருமழை ஏற்கெனவே அடித்துவிட்டதா? பதறி முழு அளவையும் திரும்பப் போட வேண்டாம், ஒரு தவணையில் பாதி போட்டு மூன்று நாள் பாருங்கள். அடி இலை முழுதாக வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. அதே அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மட்டும் மஞ்சளானால் அது மெக்னீசியம் பற்றாக்குறை, அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை.

மணல் உரத்தைப் பிடித்து வைக்க மக்கு வேண்டும். செம்பனை ஆலையில் காலிக் குலை (பழம் உதிர்த்த குலை) கிடைத்தால் நன்றாக மக்கிய பிறகு கலவுங்கள். பச்சையாகப் புதைத்தால் மக்குகிற வரை அதுவே தழைச்சத்தைச் சாப்பிட்டுவிடும். சில்வர் பிளாஸ்டிக் விரித்த மிளகாய்ப் பாத்தியில் மழை நேராக இறங்காததால் உரம் அதிக நாள் தங்கும், காசு இருந்தால் அது நல்ல வழி.

பாத்திக்குப் பக்கத்தில் கிணறு வைத்து அந்த நீரைக் குடிப்பவர்கள் ஒரு தடவை நைட்ரேட் சோதித்துவிடுங்கள். லிட்டருக்கு 50 மி.கி. நைட்ரேட் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, அதற்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.