பிடிக்காத பாத்திரங்களை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகைச்சுவை இழையோடும் குடும்பக் கதையில் சுயநலக்காரர் ஒருவரை நடுநாயகமாக வைக்கத் துணிகிற திரைக்கதையாசிரியர், பெரும்பாலும் சில காட்சிகளுக்குள்ளேயே அந்தத் துணிவை இழந்துவிடுகிறார். பார்வையாளர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற அச்சத்தில், அடிபட்ட பூனைக்குட்டிக்கு அவர் பால் வைப்பதாக ஒரு காட்சியைச் செருகுகிறார். அதுவும் போதாதென்று, அவருடைய கஞ்சத்தனத்துக்கு இளமை வறுமையைக் காரணம் காட்டுகிறார். ஒருவரை நமக்குப் பிடிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அவருக்கு என்ன வேண்டும், அதற்காக அவர் எதுவரை போவார் என்பது விளங்கினால் இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருக்க முடியும்.

நடுத்தர வர்க்கத்துக் குற்றவுணர்வைக் கையாளும்போது நேரும் தவறு இதைவிட நுட்பமானது. ‘நாம் இவ்வளவு வசதியாக வாழ்கிறோமே’ என்று பாத்திரமே வாய்விட்டுப் புலம்பினால், உணர்வு அறிக்கையாகிவிடும். நிக்கோல் ஹோலோஃப்செனர் எழுதி இயக்கி 2010இல் வெளிவந்த ‘ப்ளீஸ் கிவ்’ படத்தில் நியூயார்க் தம்பதியர் இருவர், இறந்தவர்களின் வீட்டுச் சாமான்களை அவர்களின் பிள்ளைகளிடமிருந்து மலிவாக வாங்கி, தங்கள் கடையில் பெரும் இலாபத்துக்கு விற்கிறார்கள். பக்கத்து வீட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டு, அதில் குடியிருக்கும் மூதாட்டியின் மரணத்துக்காகவும் காத்திருக்கிறார்கள். தொழிலையும் விட மனமில்லாமல், உறுத்தலையும் தாங்க முடியாமல் தவிக்கும் மனைவி கேட், உணவகத்தில் மிஞ்சியதைப் பொட்டலமாக எடுத்துவந்து, வாசலில் நிற்கும் கறுப்பின முதியவரிடம் நீட்டுகிறாள். அவரோ, உள்ளே மேசை காலியாவதற்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர். உறுத்தலைத் தணித்துக்கொள்ள அவள் செய்த காரியமே புதியதோர் உறுத்தலாகிறது. அவளுடைய இரக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் இனம் சார்ந்த முன்முடிவும் அம்பலமாகிறது. குற்றவுணர்வு செயலாக, அதுவும் தவறிப்போகும் செயலாக வெளிப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான காட்சி எனக்கு எளிதில் நினைவுக்கு வரவில்லை.

அதே காட்சி இன்னொரு தவறையும் சுட்டுகிறது. வசதியற்றவரையோ முதியவரையோ நாயகியின் மனச்சாட்சியைத் துலக்குவதற்கான கருவியாக மட்டும் படைக்கக் கூடாது. அந்த முதியவர் அறிவுரை சொல்லியிருந்தாலோ, கனிவாகப் புன்னகைத்து அவளை மன்னித்திருந்தாலோ காட்சி அங்கேயே படுத்திருக்கும். அவருக்கு அவருடைய சாப்பாட்டு வேலை இருக்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. படத்தின் மூதாட்டியும் நன்றிப்பெருக்கு எதையும் காட்டாத சிடுசிடுப்புக்காரி.

நகைச்சுவையின் திசையும் கவனத்துக்குரியது. இயக்குநர் மேடான இடத்தில் நின்றுகொண்டு பாத்திரங்களை எள்ளிநகையாடினால், பார்வையாளரும் அவரோடு மேடேறி, தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புவார். ‘இது சிரிக்க வேண்டிய இடம்’ என்று பின்னணி இசை சுட்டிக்காட்டுவதும் அப்படிப்பட்ட கோளாறே.

முடிவில் பாத்திரத்தைத் தண்டிப்பது, அல்லது சொத்தைத் தானம் செய்ய வைத்துக் கரையேற்றுவது என்ற இரண்டு பழக்கங்களும் அதுவரை கட்டியெழுப்பிய சங்கடத்தைக் கலைத்துவிடுகின்றன. தெருவில் இருப்போருக்குத் தாராளமாகக் கொடுத்துவந்த கேட், மகள் ஏங்கிய விலையுயர்ந்த ஜீன்ஸை வாங்கித் தருவதோடு அந்தப் படம் முடிகிறது. அது மகளின் மீதான அக்கறையா, உறுத்தலோடு செய்துகொண்ட சமரசமா என்பதைப் படம் தீர்த்துவைப்பதில்லை.