ஏ-இசட் எடுத்தாச்சு, லொக் எப்படிப் போடுவது?

ஒன்ராறியோவில் ஏ-இசட் லைசென்ஸ் (காற்று பிரேக் உள்ள ரெய்லர் லொறி ஓட்டுவதற்கானது) எடுத்து முதல் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெய்லர் கொழுவுவது, ரிவேர்ஸ் எடுப்பது எல்லாம் பள்ளியில் நல்லாப் பழக்கியிருப்பார்கள், அதை விடுவோம். வண்டியின் தினப் பரிசோதனை அறிக்கையையும் வேலை நேர லொக்கையும் மட்டும் பார்ப்போம். பள்ளியில் இரண்டையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லித் தருவார்கள். ரோட்டில் மறிக்கிற அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

எனக்கு அது விளங்கினது முதல் குளிர்காலத்தில். 401 நெடுஞ்சாலையில் ஒரு எடை நிலையத்துக்குள் கூப்பிட்டார்கள். "பரிசோதனை எத்தனை மணிக்குச் செய்தீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி. அறிக்கையில் காலை 5.40 என்று எழுதியிருந்தேன், அதையே சொன்னேன். லொக்கில் முதல் நாள் இரவு 9.50இலிருந்து காலை 5.58 வரை ஓய்வு, அடுத்த கோடு நேரே ஓட்டம். 18 நிமிடம் ஸ்நோவுக்குள் டோர்ச்சோடு லொறியைச் சுற்றி வந்தது உண்மை. ஆனால் லொக்கின்படி அந்த நேரம் நான் படுத்திருந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பிழை, 5.40க்கு வேலை தொடங்கியிருந்தால் என் ஓய்வு 7 மணி 50 நிமிடம்தான். தொடர்ந்து 8 மணி நேரம் வேண்டும். பத்து நிமிடம் குறைவு. அன்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். உங்களுக்கு அப்படி ஒரு காலை வரக்கூடாது.

படி 1: இறங்க முதல் ஒன் டியூட்டி

லொக் போடுகிற டப்லெட்டில் லொகின் பண்ணியதும், ஹூட்டைத் திறக்க முதல், 'ஒன் டியூட்டி' (வேலை நேரம்) அழுத்துங்கள். குறிப்பில் 'ப்ரீ-ட்ரிப்' (புறப்பட முதல் பரிசோதனை) என்று போடுங்கள். வண்டியைப் பரிசோதிப்பது, ஸ்டார்ட் பண்ணுவது, சாமான் ஏற்றி இறக்குவது எல்லாமே கனடா விதியில் வேலை நேரம். அழுத்த முதல் 8 மணி ஓய்வு முடிந்துவிட்டதா என்று மணிக்கூட்டைப் பாருங்கள். முடியாவிட்டால் பரிசோதனையும் பிறகுதான்.

ஈஎல்டி பெட்டி (லொக்கைப் பதிகிற மின்கருவி) எல்லாவற்றையும் தானே பதியும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்குத் தானாகத் தெரிந்தது வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதுதான். வேகம் மணிக்கு 8 கிலோமீற்றரைத் தாண்டினால் 'டிரைவிங்' ஆகிவிடும். நின்று 5 நிமிடமானால் "இன்னும் ஓட்டத்தில்தானா?" என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் 'ஒன் டியூட்டி'க்குப் போடும். ஓய்வுக்குப் போடாது! சாப்பிடப் போனால் 'ஓஃப் டியூட்டி' (ஓய்வு) நீங்களேதான் அழுத்த வேண்டும். மறந்தால் பிறகு காரணம் எழுதித் திருத்தலாம், பழைய பதிவும் உள்ளே இருக்கும். ஓடிய நேரத்தை ஓய்வாக்க முடியாது.

படி 2: சுற்றி வருதல்

எதையெதைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்கிற ஒன்ராறியோவின் 'ஷெட்யூல் 1' பட்டியல் வண்டிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். லைற், கண்ணாடி, ரயர், கொழுக்கி எல்லாம் அதன் வரிசைப்படி பாருங்கள். காற்று பிரேக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். சில்லுக்குக் கட்டை வைத்து, காற்று நிறைந்ததும் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் முழுதாக அழுத்திப் பிடியுங்கள். ஒரு ட்ரக்ரரும் ஒரு ரெய்லரும் என்றால் காற்றழுத்தம் நிமிடத்துக்கு 4 பிஎஸ்ஐக்கு (அழுத்த அளவு) மேல் இறங்கக்கூடாது. பிறகு பிரேக்கை அழுத்தி அழுத்தி விடுங்கள், 55 பிஎஸ்ஐக்கு இறங்க முதல் எச்சரிக்கைச் சத்தம் வரவேண்டும்.

கடும் குளிரில் கிளாட் ஹாண்ட் (ரெய்லருக்குக் காற்று லைனைக் கொழுவுகிற இணைப்பு) ரப்பர் இறுகிக் காற்று கசியும். ஒரு நாள் என் ரெய்லரில் சிவப்பு லைனில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். கையுறையைக் கழற்றி விரலை வைத்தால் ஊசி குத்துகிற மாதிரிக் காற்று. ரப்பரைத் தடவிப் பார்த்தால் விளிம்பில் ஒரு வெடிப்பு. சின்ன ரப்பர், ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து கதவுப் பையில் நாலு உதிரி ரப்பர் வைத்திருக்கிறேன்.

படி 3: அறிக்கை

இலக்கத் தகடுகள் (ரெய்லருடையதும்), ஓடோமீற்றர், திகதி, நேரம், இடம், நிறுவனத்தின் பெயர், உங்கள் பெயர், கையொப்பம். பழுது இல்லையென்றாலும் 'இல்லை' என்று எழுத வேண்டும். காதுக்குக் கேட்கிற காற்றுக் கசிவு சிறு பழுது: எழுதி, கொம்பனிக்கு அறிவித்து ஓடலாம். காற்று இறங்கும் அளவு எல்லையைத் தாண்டினாலோ, எச்சரிக்கைச் சத்தம் வராவிட்டாலோ பெரும் பழுது: திருத்தும்வரை வண்டி அசையக்கூடாது. டிஸ்பாச்சர் (கொம்பனியில் வேலை பிரித்துத் தருபவர்) எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசையக்கூடாது. லைசென்ஸ் உங்களுடையது.

அறிக்கை 24 மணி நேரத்துக்குச் செல்லுபடியாகும். அது முடிய முதல் அடுத்த பரிசோதனை.

படி 4: மணிக்கணக்கு

ஒரு நாளில் கூடியது ஓட்டம் 13 மணி நேரம், மொத்த வேலை 14 மணி நேரம். 8 மணி ஓய்வு முடிந்து வேலை தொடங்கியதிலிருந்து 16 மணி கடந்தால் ஓட்டக்கூடாது. டொக்கில் (சாமான் ஏற்றி இறக்குகிற இடம்) காத்திருந்த நேரம் ஓய்வாகப் பதிந்திருந்தாலும் அந்த 16க்குள்தான் சேரும். ஒரு நாளில் 10 மணி ஓய்வு வேண்டும். 8 மணிக்கு மேலான அந்த 2 மணியை 30 நிமிடத்துக்குக் குறையாத துண்டுகளாகத்தான் எடுக்கலாம். 20 நிமிடக் கோப்பி நிற்புகள் ஆறு எடுத்தாலும் அந்தக் கணக்கில் பூச்சியம். புதிதாக வருகிறவர்கள் கூடுதலாகப் பிடிபடுவது இதில்தான்.

நாள் முடிவில் லொக்கை வாசித்து உறுதிப்படுத்துங்கள். அறிக்கையில் போட்ட நேரத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

எனக்குப் பிடித்தவை: பரிசோதனை அறிக்கையும் லொக்கும் ஒரே அப்பில் இருப்பது நல்லது, நேரம் பிசகாது. கையில் பிடிக்கிற டோர்ச்சைவிட நெற்றி லைற் வாங்குங்கள், இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். ரயரைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, காற்றுமானி வையுங்கள். ஈஎல்டி பெட்டி பழுதானால் எழுத 15 நாளுக்குப் போதுமான வெற்று லொக் தாளும் வண்டியில் இருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது

"நான் நகரத்துக்குள்தான் ஓடுகிறேன், லொக் வேண்டுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கொம்பனி யார்ட்டிலிருந்து 160 கிலோமீற்றர் வட்டத்துக்குள் ஓடி, ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து 8 மணி ஓய்வு எடுத்தால் லொக் தேவையில்லை. நேரக் கணக்கைக் கொம்பனி வைத்திருக்கும். மணி வரம்புகளும் தினப் பரிசோதனையும் உங்களுக்கும் உண்டு.

பஃபலோ, டிட்ரோயிட் பக்கம் போகிறவர்களுக்கு: பாலம் தாண்டியதும் அமெரிக்க விதி. 10 மணி தொடர் ஓய்வு, அதன் பிறகு 14 மணிக்குள் 11 மணி ஓட்டம், 8 மணி ஓட்டத்துக்குப் பிறகு 30 நிமிட இடைவேளை. காலையில் 8 மணி நேர ஓய்வோடு ஸ்கார்பரோவிலிருந்து கிளம்பினால் கனடாவில் சரி, பஃபலோவுக்குப் போகிற பீஸ் பிரிட்ஜைத் தாண்டினால் பிழை. எல்லை தாண்டுகிற நாளுக்கு முதல் இரவே 10 மணி ஓய்வு எடுங்கள், பாலத்தடியில் டப்லெட்டில் விதியை மாற்றிவிட்டுப் போங்கள்.