சியரா நெவாடாவுக்கு ஜூலையில் போகலாம், ஆனால் எந்த ஆண்டின் ஜூலையில்?

கலிஃபோர்னியாவின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கோடையில் நடைபயணம் போகத் திட்டமிடுபவர்கள், விடுப்பு கிடைக்கும் நாளையும் அனுமதிச் சீட்டு கிடைக்கும் நாளையும் பார்க்கிறார்களே தவிர, முந்தைய குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதிக்கு வேர் இதுதான். 2015 ஏப்ரல் 1 அன்று மாநிலத்தின் மலைப்பனியில் இருந்த நீரின் அளவு, அந்த நாளுக்குரிய சராசரியில் 5 சதவீதம் மட்டுமே. டாஹோ ஏரிக்கு அருகே பிலிப்ஸ் என்னும் இடத்தில் பனியை அளக்கப் போனவர்கள் வெறும் புல்தரையில் நின்றார்கள். 2023இல் அதே காலத்தில் அந்த அளவு சராசரியின் இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. யோசெமிட்டி தேசியப் பூங்கா வழியாக மலையைக் கடக்கும் டியோகா சாலை 2015இல் மே மாதத் தொடக்கத்திலேயே திறந்துவிட்டது. 2023இலோ ஜூலை 22 வரை மூடிக் கிடந்தது. ஆகவே, ஜூலை நடுப்பகுதிதான் சியராவின் நெடும் நடைபாதையான ஜான் மியூர் பாதைக்கு ஏற்ற காலம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும் அறிவுரையால் பெரிய பயனில்லை.

பனி நிலவரத்தைப் பார்ப்பவர்களும் சதவீதக் கணக்கில் தடுக்கி விழுவதுண்டு. சியராவின் பனி பொதுவாக ஏப்ரல் தொடக்கத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு உருகத் தொடங்குகிறது. ஜூன் மாதத்தில் ‘சராசரியில் 300 சதவீதம்’ என்று ஒரு செய்தி வந்தால், வழக்கமாக அந்த நாளில் இரண்டு அங்குல நீருக்கு ஈடான பனி இருக்குமிடத்தில் இந்த ஆண்டு ஆறு அங்குலம் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். அதற்குப் பயந்து பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. மாறாக, மலையில் நிறுவியுள்ள பனி அளவுக்கருவி சுழியம் காட்டுகிறது என்பதற்காக மலை காய்ந்துவிட்டதாக நினைப்பதும் சரியல்ல. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கணவாய்களுக்குக் கீழே சமதளமான இடங்களில் இருக்கின்றன. அங்கே பனி தீர்ந்த பிறகும் 12,000 அடிக்கு மேலுள்ள வடக்குச் சரிவுகளில் அது வாரக்கணக்கில் தங்கியிருக்கும். உங்கள் கணவாய்க்கு மிக அருகிலுள்ள கருவி காட்டும் நீரின் அளவையும், அண்மையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை மறப்பது அடுத்த பிழை. வெயில் படும் தெற்குச் சரிவில் வெறும் பாறையில் நடந்து ஏறியவர், உச்சியில் நின்று வடக்கே பார்க்கும்போதுதான் இறங்க வேண்டிய வழி முழுவதும் வெண்மையாகக் கிடப்பதைக் காண்கிறார். இதற்கும் விலக்குகள் உண்டு. 13,153 அடி உயரமுள்ள ஃபாரெஸ்டர் கணவாயில், தெற்குப் பக்கத்தில்தான் பாதை ஒரு செங்குத்தான பனிப் பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கிறது. அதிகாலையில் கல்லைப்போல் இறுகியிருக்கும் பனிக்குக் கிராம்பானும் (காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) பனிக்கோடரியும் தேவை. நண்பகலுக்குப் பின் அதே பனி இளகி, அடிக்கு ஒருமுறை தொடைவரை கால் புதையும். கோடரியைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு நடப்பதும், அதைப் பயன்படுத்தி வழுக்கலை நிறுத்தப் பழகாமல் வருவதும் ஒன்றுதான்: இரண்டிலும் அது வெறும் சுமை. கிராம்பானைக் கழற்றாமல் பனியில் உட்கார்ந்து சறுக்குபவர்களின் கணுக்கால், முட்கள் பனியில் மாட்டும்போது முறிந்துபோகிறது.

ஆனால் பனியைவிட ஆற்றையே நான் அதிகம் அஞ்சச் சொல்வேன், ஏனெனில் பனியில் எச்சரிக்கையாக இருப்பவர்கள்கூட ஓடையை அலட்சியமாகக் கடக்கிறார்கள். காலையில் மிதித்து வந்த பனிதான் மாலையில் எதிரே ஓடி வருகிறது. பனிக்கு அருகிலுள்ள ஓடைகளில் விடியற்காலையில் நீர் மிகக் குறைவாகவும், பிற்பகல் முதிர்ந்து இருட்டும் வேளையில் மிக அதிகமாகவும் இருக்கும். காலையில் கணவாயைக் கடந்து பிற்பகல் நான்கு மணிக்கு ஓடைக்கரையை அடைவது பலருடைய பயணத் திட்டத்திலும் இயல்பாக அமைந்துவிடுகிறது. அன்றைய தூரத்தை முடித்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் அங்கேயே இறங்காமல், இக்கரையில் கூடாரம் அடித்து விடியலில் கடப்பதே நல்லது. இந்த விதியையும் எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. உருகிய நீர் கீழே இறங்கி வர நேரம் பிடிப்பதால், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மெர்செட் ஆறு இரவில்தான் உயர்கிறது.

எங்கே கடப்பது என்பதிலும் வரைபடத்துக்கு அடிமையாகக் கூடாது. ஜான் மியூர் பாதையில் வரும் எவல்யூஷன் ஓடையில் வழக்கமான கடவில் நீர் வேகமாக இருக்கும்போது, சற்று மேலே புல்வெளியில் அகன்று மெதுவாக ஓடும் இடத்தில் கடப்பதை நடையர்கள் நெடுங்காலமாகவே தேர்ந்தெடுத்து வருகிறார்கள். இறங்கும் முன் கீழ்நோக்கிப் பாருங்கள்: அருவியோ, குறுக்கே விழுந்து கிளை பரப்பிக் கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் மரக்கிளைகள் நீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். கரையில் நிற்கும்போதே அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் மந்தமான ஓசை கேட்டால், அந்த நீரில் இறங்கவே வேண்டாம். இறங்குபவர் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, காலணியைக் கழற்றாமல், நீர் வரும் திசையைப் பார்த்தபடி ஊன்றுகோலை ஊன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். பாதுகாப்பென்று எண்ணி உடம்பில் கயிற்றைக் கட்டிக்கொள்வது கொடிய தவறு. விழுந்தவரை அந்தக் கயிறே நீருக்கடியில் அழுத்திவிடும்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கு இது பொருந்தாது என்றும் எண்ண வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் பேக்கர்ஸ்ஃபீல்டில் வெயில் கொளுத்தும்போது, நகரத்தை ஒட்டி மலையிலிருந்து வெளிவரும் கெர்ன் ஆறு பனிக்குளிரோடு ஓடுகிறது. அந்தக் குளிரில் சில நிமிடங்களிலேயே கைகால்கள் வலுவிழக்கின்றன. கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வாயிலில், 1968 முதல் ஆறு எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று எண்ணிக்கை எழுதிய பலகை நிற்கிறது. அதைத் தாண்டித்தான் மக்கள் குளிக்கப் போகிறார்கள்.

சிகரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 14,505 அடி உயரமுள்ள விட்னி மலைக்கு ஒரே நாளில் போய்வர 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடற்கரை நகரத்திலிருந்து நேரே காரில் வந்து அன்றிரவே ஏறத் தொடங்குபவர்கள் உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் கண்டவுடன் மாத்திரை போட்டு மேலே போவதை விட்டுவிட்டு இறங்க வேண்டும். கோடைப் பிற்பகலில் இடிமேகம் திரளத் தொடங்கினால் உச்சி பத்து நிமிட தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சியில் 1909இல் கட்டிய கற்குடில் ஒன்று இருக்கிறதே, அதற்குள் ஒதுங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 1990இல் மின்னல் தாக்கி ஒருவர் இறந்தது அந்தக் குடிலுக்குள்தான்.