புரோமீன் போத்தலைத் திறக்காமல் புரோமீனேற்றம்

ஒரு சேர்வையில் புரோமீனைப் புகுத்த (புரோமீனேற்றம்) திரவப் புரோமீனைப் பயன்படுத்தினால் அதில் பாதி ஐதரசன் புரோமைட்டாக வீணாகும். கடற்பாசி அந்த வழியில் போவதில்லை. அதன் வனேடியம் நொதியம் புரோமைட்டைப் பேரொட்சைட்டால் ஒட்சியேற்றி, வேண்டியபோது வேண்டிய அளவே தாக்கும் புரோமீனை உண்டாக்குகிறது, மிஞ்சுவது நீர். அசற்றனிலைட்டிலிருந்து 4-புரோமோ அசற்றனிலைட்டை ஆக்கும் கீழே உள்ள முறையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

0.06 கிராம் அமோனியம் மெற்றாவனேடேற்றை 1 மோலர் சல்பூரிக்கமிலம் 12 மி.லீ.இல் இளஞ்சூட்டில் கரையுங்கள், மஞ்சளாகும். 1.35 கிராம் அசற்றனிலைட்டை 10 மி.லீ. கிளேசியல் (நீர் கலவாத) அசற்றிக்கமிலத்தில் கரைத்து இதனுடன் சேர்த்து, 1.31 கிராம் பொற்றாசியம் புரோமைட்டையும் இடுங்கள். நுவரெலியாக் குளிரில் அசற்றிக்கமிலம் போத்தலிலேயே உறைந்திருக்கலாம் (உறைநிலை 16.6 பாகை). வெந்நீரில் வைத்து இளக்குங்கள், நெருப்பில் காட்டாதீர்கள்.

30 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு 1.2 மி.லீ.ஐ 5 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில் கலந்து, கலக்கியபடியே 30 முதல் 40 நிமிடம் துளித்துளியாக விடுங்கள். கலவை 20 முதல் 25 பாகையில் இருக்கட்டும். பலர் பிழை விடுவது இங்கேதான். காலைக் குளிரில் தாக்கம் மந்தமாக, "ஒன்றும் நடக்கவில்லை" என்று முழுவதையும் ஊற்றிவிடுவார்கள். வெயில் ஏறியதும் அது சீறிக்கிளம்பும். மிகையான பேரொட்சைட்டு உருவான புரோமீனையே மீண்டும் புரோமைட்டாக்கி ஒட்சிசனாகப் போய்விடும், விளைவும் குறையும். இரும்பு கலந்த கிணற்றுநீரும் பேரொட்சைட்டை வீணே சிதைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அசற்றோனால் எதையும் கழுவாதீர்கள்: புரோமீனுடன் கண்ணெரிக்கும் சேர்வை, பேரொட்சைட்டுடன் வெடிக்கும் சேர்வை உண்டாகும்.

ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு, சோடியம் சல்பைற்றுக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். செம்மஞ்சள் போய் நீலம் வந்தால் ஒட்சியேற்றி தீர்ந்துவிட்டது, வனேடியமும் தாழ்த்தப்பட்டுவிட்டது. தயோசல்பேற்று வேண்டாம், அமிலத்தில் கந்தகம் படிந்து விளைபொருளோடு கலக்கும். 50 மி.லீ. குளிர்நீர் ஊற்றி வடித்து, எதனோலில் மீளப்பளிங்காக்குங்கள்.

முழு விளைவு 2.14 கிராம். 4-புரோமோ அசற்றனிலைட்டு 168 பாகையளவில் உருக வேண்டும். 160க்குக் கீழே உருகத் தொடங்கினால், தாக்கமடையாத அசற்றனிலைட்டு (உருகுநிலை 114) மீதமிருக்கிறது, மீண்டும் பளிங்காக்குங்கள்.

நீல வடிநீரை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. நம் மலை ஓடைகள் பல மகாவலிக்கே போய்ச் சேர்கின்றன. மூடியுள்ள போத்தலில் சேர்த்து, பெயரும் திகதியும் ஒட்டி, ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.